எட்வர்ட்ஸா, பெய்னா, உல்மனா, ஃபிராங்க்ளினா? ஆரம்பகால அமெரிக்க எழுத்துல ப்ராஜெக்டுக்கு எதை எடுக்கலாம்

அமெரிக்கன் லிட்டரேச்சர் பேப்பருக்கு ப்ராஜெக்ட் எழுதப் போற பசங்க நிறைய பேர் ஒரே இடத்துல வந்து மாட்டிக்கிறாங்க. மத நம்பிக்கையும் ஆளோட மனச மாத்துற எழுத்தும்னு தலைப்பு பிடிச்சாச்சு, கைடும் ஓகே சொல்லியாச்சு, ஆனா எந்த டெக்ஸ்ட் எடுக்குறதுன்னு தெரியல. ஜோனதன் எட்வர்ட்ஸோட பிரசங்கமா, தாமஸ் பெய்னோட பாம்ப்லெட்டா, பெஞ்சமின் ஃபிராங்க்ளினோட சுயசரிதையா, இல்ல யாரும் அதிகமா தொடாத ஜான் உல்மனா. எல்லாமே 18ஆம் நூற்றாண்டு, எல்லாத்துலயும் கடவுள் வர்றாரு, எல்லாமே யாரையோ எதையோ செய்ய வைக்கப் பாக்குது. ஆனா நாலும் நாலு வேலைங்க, ஒண்ணுக்கு எழுதுற மாதிரி இன்னொண்ணுக்கு எழுத முடியாது, பாதில டெக்ஸ்ட் மாத்தினா ஒரு செமஸ்டரே போயிடும். அதனால முதல்லயே உட்கார்ந்து யோசிச்சிடுறது நல்லது.

## எதை வச்சு முடிவு பண்றது

அளவும் மொழியும் முதல்ல வரும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அடுத்தது பைபிள் பழக்கம். வீட்ல ஜெபம், சண்டே ஸ்கூல்னு வளர்ந்தவங்களுக்கு இந்த எழுத்துல பாதி வேலை ஏற்கனவே முடிஞ்ச மாதிரி, மத்தவங்க ஒவ்வொரு வசனத்தையும் தேடிப் பிடிக்கணும். தமிழ் பைபிளை பக்கத்துல வச்சுக்கிட்டாலே ரொம்ப ஈஸியாயிடும், வசன எண் பெரும்பாலும் ஒண்ணுதானே.

மூணாவது, அந்த எழுத்து படிக்கிறவங்கள கடைசில என்ன செய்யச் சொல்லுது, அவங்க செஞ்சாங்களா, அதுக்கு ஆதாரம் இருக்கா. இது இல்லாம மனச மாத்துற எழுத்துன்னு சொல்றதுல அர்த்தமே இல்ல.

நாலாவதுதான் எனக்கு ரொம்ப முக்கியம், ஆனா இதை யாரும் கேக்குறதே இல்ல. எழுதினவர் நம்பினதும் கேட்டவங்க நம்பினதும் ஒண்ணா? கேக்குறவங்களோட நம்பிக்கைய எழுதுறவர் தானும் நம்புறாரா, இல்ல அவங்க நம்புறாங்கங்கறதுக்காக பயன்படுத்திக்கிறாரா? உங்க ப்ராஜெக்ட்டோட உயிரே இந்தக் கேள்வில இருக்கு, நாலு டெக்ஸ்டும் இதுக்கு நாலு விதமா பதில் சொல்லுது.

| | எட்வர்ட்ஸ் | பெய்ன் | உல்மன் | ஃபிராங்க்ளின் |
|---|---|---|---|---|
| வருஷம் | 1741 | 1776 | 1754, 1762 | 1771ல ஆரம்பிச்சு விட்டு விட்டு |
| அளவு | ஒரே மூச்சுல முடிக்கலாம் | சின்ன பாம்ப்லெட், ரெண்டு மூணு நாள் | சின்னது, ஆனா மெதுவாத்தான் போகும் | முழு புத்தகம் |
| பைபிள் பழக்கம் | கண்டிப்பா வேணும் | ஒரு பகுதிக்கு மட்டும் | கொஞ்சம் | தேவையே இல்ல |
| என்ன செய்யச் சொல்லுது | இப்பவே மனந்திரும்பு | ராஜாவை விடு, தனி நாடு ஆகு | அடிமைய வச்சிருக்காத | என்னைப் பாத்து பழகிக்கோ |
| மறைஞ்ச செலவு | எல்லாரும் எழுதிட்டாங்க | இன்னொரு புத்தகமும் படிக்கணும் | கட்டுரை நூலைத் தேடிப் பிடிக்கணும் | எங்க வெட்டுறதுன்னு தெரியாது |

## எட்வர்ட்ஸ்: சின்னர்ஸ் இன் த ஹேண்ட்ஸ் ஆஃப் ஆன் ஆங்ரி காட்

1741 ஜூலை 8, என்ஃபீல்டுங்கற ஊர், அப்ப மாசசூசெட்ஸ்ல இருந்துச்சு, இப்ப கனெக்டிகட். சுத்தி இருக்க ஊர்லயெல்லாம் எழுப்புதல், அதாவது ஜனங்க கூட்டமா மனந்திரும்புற அலை, வந்தாச்சு, இங்க மட்டும் ஜனங்க அசையலன்னு பேச்சு. உபாகமம் 32:35ல இருந்து ஏற்ற காலத்தில் அவர்கள் கால் தள்ளாடும்ங்கற வரிய எடுத்து எட்வர்ட்ஸ் பேச ஆரம்பிக்கிறாரு. முடிக்க முடியல. கூட இருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ்ங்கற போதகர் அன்னைக்கு டைரில எழுதியிருக்காரு, சபை முழுக்க அலறல், இரட்சிக்கப்பட நான் என்ன செய்யணும்னு கூக்குரல், கடைசில பேச்சையே நிறுத்த வேண்டியதாயிடுச்சுன்னு. எட்வர்ட்ஸ் ஒண்ணும் கையைக் காலை ஆட்டி கத்துற ஆளும் இல்ல, தாழ்ந்த குரல்ல பேசுறவர்னுதான் அந்தக் காலத்து ஆளுங்க சொல்லியிருக்காங்க. இதுல இன்னொரு விஷயம், இதே பிரசங்கத்தை அதுக்கு முந்தின மாசம் தன் சொந்த சபையான நார்தாம்ப்டன்ல பண்ணியிருக்காரு, அங்க இப்படி ஆனதா பதிவு இல்ல. அதே வார்த்தைங்க, ரெண்டு கூட்டம், ரெண்டு விளைவு. இந்த ஒரு விஷயத்தை பிடிச்சே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

டெக்னிக் பாக்கணும்னா இதை விட வசதியான டெக்ஸ்ட் கிடையாது. முதல் பாதில மனந்திரும்பாதவங்கள பத்தி பேசும்போது பெரும்பாலும் அவங்க, அவங்கன்னுதான் போகும், பின்பாதில நீங்கன்னு திரும்பிடுது, இதோ இந்த மீட்டிங் ஹவுஸ்ல இந்த சீட்ல நல்ல உடம்போட உட்கார்ந்திருக்க சிலர் நாளைக் காலைக்குள்ள நரகத்துல இருக்கலாம்ங்கற இடத்துக்கு வந்து நிக்குது. நெருப்புக்கு மேல நூல்ல தொங்குற சிலந்தி, வளைச்சு நாண் ஏத்தின வில்லு, அணை போட்டு தேங்கி நிக்கிற தண்ணி, எல்லாப் படிமமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லுது, உன்ன இப்போதைக்கு பிடிச்சு வச்சிருக்கிறது அவரோட கை மட்டும்தான், உன் புண்ணியமோ உன் புத்தியோ இல்ல. கேட்டவங்க எல்லாரும் நரகம் உண்டுன்னு ஏற்கனவே நம்பினவங்க, அவங்களுக்கு அதை நிரூபிக்கத் தேவையே இல்ல, மண்டைல இருந்த விஷயத்தை உடம்புல உணர வைக்கிறதுதான் இவர் எடுத்துக்கிட்ட வேலை. அவரும் அதை முழுசா நம்பினாரு. சொல்றவர் நம்பிக்கையும் கேக்குறவங்க நம்பிக்கையும் இங்க ஒண்ணு.

நிறைய பேர் சிலந்தியோட நிறுத்திடுறாங்க, அது தப்பு. கடைசிப் பகுதில கிறிஸ்து இரக்கத்தின் வாசல அகலமா திறந்து வச்சு கூப்பிட்டுட்டு நிக்கிறாருன்னு சொல்றாரு, முடிவுல, சோதோம் அழியுறதுக்கு முன்னாடி பைபிள்ல லோத்துவுக்கு சொன்ன மாதிரி திரும்பிப் பாக்காம மலைக்கு ஓடிப்போங்கன்னு முடிக்கிறாரு. பயமுறுத்துறது பாதி, வாசலைக் காட்டுறது மீதி. அந்த மீதிய விட்டுட்டு எழுதுற ப்ராஜெக்ட் அவருக்கு நியாயம் செய்யல.

செலவு என்னன்னா, முதல்ல இதைப் பத்தி எல்லாரும் எழுதியாச்சு, திருத்துறவங்களுக்கு சிலந்திய பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கும். ரெண்டாவது, கிருபைய மனுஷன் சம்பாதிக்க முடியாது, கடவுள் கொடுத்தாத்தான் உண்டுங்கற கால்வின் வழி போதனை தெரியாம இதை எழுத முடியாது, ஏன்னா உன்னால ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டு இப்பவே வான்னு எப்படி கூப்பிடுறாருங்கற சிக்கல் வரும், வைவால அதைத்தான் கேப்பாங்க. மூணாவது, இது ஒண்ண மட்டும் படிச்சா எட்வர்ட்ஸ்னாலே கோபக்காரர்னு ஆயிடும், அதனால 1734ல அச்சான எ டிவைன் அண்ட் சூப்பர்நேச்சுரல் லைட் பிரசங்கத்தையும் சேர்த்துப் படிக்கணும், அதுல இருக்க இனிமை வேற.

என்ஃபீல்டை அழ வச்ச மனுஷனை 1750ல அவர் சபையே வெளிய அனுப்பிடுச்சு, திருவிருந்துல யாரைச் சேக்கலாம்ங்கற சண்டைல அவரால சொந்த ஜனங்க மனச மாத்த முடியல. சொல்வன்மையோட எல்லைய பத்தி எழுத நினைச்சா இதையும் எடுத்துக்கங்க.

நேரம் கம்மி, கவிதை மாதிரி வரிவரியா பிரிச்சுப் பாக்கப் பிடிக்கும், பைபிள் பழக்கம் இருக்குன்னா கண்ண மூடிட்டு இதை எடுக்கலாம்.

## பெய்ன்: காமன் சென்ஸ்

பெய்ன் இங்கிலாந்துல இருந்து ஃபிலடெல்ஃபியா வந்து இறங்கினது 1774 கடைசி, பாம்ப்லெட் வந்தது 1776 ஜனவரி 10. அரசியல் எழுத்தாச்சே, மதம் எங்க இருக்குன்னு கேக்கலாம். ராஜாங்கறவன் எதுக்குன்னு கேக்குற பகுதில இருக்கு. நியாயாதிபதிகள் புத்தகத்துல ஜனங்க கிதியோனை ராஜாவா இருக்கச் சொல்லி அவர் மறுக்குறது, 1 சாமுவேல் 8ஆம் அதிகாரத்துல ராஜா வேணும்னு கேக்குற இஸ்ரவேலருக்கு அவன் உங்க பிள்ளைங்களையும் நிலத்தையும் எடுத்துக்குவான்னு சாமுவேல் எச்சரிக்கிறது, இதையெல்லாம் நீளமா எடுத்துப் போட்டு ராஜா ஆட்சிங்கறது கடவுளுக்கே விரோதம்னு நிறுவுறாரு. அமெரிக்க காலனி ஜனங்க சின்ன வயசுல இருந்து கேட்டு வளர்ந்த கதைங்க, அதனால பெரிய படிப்பு இல்லாதவங்களுக்கும் நேரா போய் சேர்ந்துச்சு. கத்தோலிக்க எதிர்ப்பு ஊறிப்போன ப்ராட்டஸ்டன்ட் வாசகர்கள்ட்ட, ராஜா ஆட்சிங்கறது அரசாங்கத்தோட போப் முறைன்னு ஒரு வரி போடுறாரு. ஒரே வரில அவங்க பழைய வெறுப்பு மொத்தத்தையும் புது எதிரி பக்கம் திருப்பிட்டாரு.

ஆனா அவர் இதை நம்பினாரா? பின்னாடி அமெரிக்க ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸ் தன் சுயசரிதைல எழுதியிருக்காரு, அந்த பழைய ஏற்பாட்டு வாதம் சரியில்லன்னு சொன்னதுக்கு பெய்ன் சிரிச்சுட்டு, அதெல்லாம் ஆங்கிலக் கவிஞர் மில்டன்ட்ட இருந்து எடுத்ததுன்னாராம், பைபிள் மேலயே அவருக்கு மதிப்பு இல்லைங்கற மாதிரி பேசினாராம். ஆடம்ஸ் இதை எழுதினது பல வருஷம் கழிச்சு, அதுக்குள்ள அவருக்கு பெய்ன ஆகாது, அதையும் சேர்த்து எடை போடணும். ஆனா 1794ல பெய்னே த ஏஜ் ஆஃப் ரீசன் எழுதி, ஒரு கடவுள் உண்டு அதுக்கு மேல ஒண்ணும் இல்ல, என் மனசே என் கோயில்னு வெளிப்படையா சொல்லி, அடுத்த வருஷம் வந்த ரெண்டாம் பாகத்துல பைபிளை புத்தகம் புத்தகமா உடைக்கிறாரு. 1776ல எந்த பைபிளைக் காட்டி ஜெயிச்சாரோ அதே பைபிளை. அமெரிக்க ஜனங்க இதை மன்னிக்கல, 1809ல நியூயார்க்ல செத்தப்போ அடக்கத்துக்கு வந்தவங்கள விரல் விட்டு எண்ணிடலாம்.

எனக்கு பெய்ன் மேல கோபம் இல்ல, அவர் கேட்ட சுதந்திரம் உண்மையான சுதந்திரம்தான். ஆனா கேக்குறவங்க புனிதம்னு நினைக்கிறத தான் நம்பாமலே கையில எடுக்கலாமாங்கற கேள்விய உங்க ப்ராஜெக்ட் நேரா கேக்கணும், அதை விட்டுட்டு பெய்ன பத்தி எழுதினா ஹிஸ்டரி நோட்ஸ் மாதிரிதான் இருக்கும்.

செலவு இங்க ரெண்டு. காமன் சென்ஸ் மட்டும் படிச்சா போதாது, ஏஜ் ஆஃப் ரீசனோட முதல் பாகமாவது படிச்சாகணும், படிக்கிற வேலை ரெண்டு மடங்கு ஆயிடும். அடுத்தது விற்பனை எண்ணிக்கை, மூணு மாசத்துல 1,20,000 பிரதின்னு பெய்னே சொன்னது, அது வளர்ந்து வளர்ந்து 5,00,000ன்னு எல்லா இடத்துலயும் ஓடுது, ஆராய்ச்சியாளர்கள் அதை ஒத்துக்கல, அந்த எண்ணை அப்படியே எடுத்து போட்டுடாதீங்க. அரசியல், மீடியா, பிரச்சாரம் பத்தி ஆர்வம் இருக்கவங்களுக்கு இதுதான் சரி.

## உல்மன்: சம் கன்சிடரேஷன்ஸ் ஆன் த கீப்பிங் ஆஃப் நீக்ரோஸ்

நாலு பேர்ல கம்மியா தெரிஞ்சவர், ஆனா நான் எல்லாருக்கும் சொல்ற பேரு இவருதான். 1720ல நியூ ஜெர்சில குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவு குடும்பத்துல பிறந்தவர், தையல் வேலையும் கடையும். இளவயசுல கடைல வேலை பாத்தப்போ முதலாளி ஒரு கறுப்பின அடிமைப் பெண்ணை வித்துட்டு விற்பனைப் பத்திரம் எழுதுன்னு சொல்றாரு, வாங்குறவரும் குவேக்கர், வயசானவர். எழுதிட்டாரு. எழுதிட்டு, இது கிறிஸ்தவத்துக்கு ஒத்து வராதுன்னு நான் நம்புறேன்னு அங்கயே ரெண்டு பேர்ட்டயும் சொல்லிட்டாரு. அதுக்கப்புறம் அடிமைய பிள்ளைங்களுக்கு எழுதி வைக்கிற உயில்னா எழுத மாட்டேன்னு மறுக்க ஆரம்பிச்சாரு.

1754ல வந்த கட்டுரை எட்வர்ட்ஸுக்கு நேர் எதிர் குணம். ஒரு இடத்துலயும் குரல் ஏறாது. யாரையும் பாவின்னு கூப்பிட மாட்டாரு. பிள்ளைங்க மேல அப்பா அம்மாவுக்கு இருக்க பாசத்துல இருந்து ஆரம்பிக்கிறாரு, அடிமை வச்சிருக்கவங்க சொல்ற காரணமே என் பிள்ளைங்க கஷ்டப்படக் கூடாதுங்கறதுதானே, அந்தப் பாசத்தையே எடுத்து, நீ அவங்களுக்கு விட்டுட்டுப் போறது சொத்தா இல்ல கேடான்னு மெதுவா திருப்புறாரு. அப்புறம் நம்ம முன்னோரும் நாமும் தலைமுறை தலைமுறையா அடிமை வேலைலயே இருந்திருந்தா, படிப்பு இல்ல, நல்ல சகவாசம் இல்ல, அப்ப நாம எப்படி இருந்திருப்போம்னு வச்சுப் பாருங்கன்னு கேக்குறாரு. கவனிங்க, நாமன்னுதான் சொல்றாரு, நீங்கன்னு இல்ல. தொடக்கத்துல போட்டிருக்க வசனம் மத்தேயு 25:40, மிகவும் சிறியவரான என் சகோதரருக்கு செஞ்சது எனக்கே செஞ்சதுங்கறது. படிக்கிறவங்களும் அதே வசனத்தை நம்புறவங்க, எழுதுறவரும் நம்புறவர், ஆனா எட்வர்ட்ஸ் மாதிரி பயத்தை உடம்புல இறக்கல, நீ நம்புறதுக்கும் நீ வாழுறதுக்கும் நடுவுல இருக்க இடைவெளிய மட்டும் காட்டிட்டு நிறுத்திக்கிறாரு.

இவர் எழுத்தை தனியா எடுத்துப் பாக்கவே முடியாது, வாழ்க்கையும் அந்த வாதத்துல சேர்ந்தே இருக்கு. தெற்குப் பக்கம் பயணம் போகும்போது அடிமை வச்சிருக்க வீட்ல தங்கினா, இலவச விருந்தாளியா இருக்க மனசு ஒப்பாம, வேலை செஞ்ச அடிமைங்களுக்கு போய்ச் சேர்ற மாதிரி காசு கொடுத்துட்டு வருவாரு. அடிமை உழைப்புல வந்ததுன்னு சர்க்கரைய விட்டாரு. சாயம் போடாத துணி உடுத்தினாரு. கட்டுரையோட ரெண்டாம் பாகத்தை 1762ல அச்சுக்கு கொண்டு வந்தப்போ, சபைக் காசுல அடிச்சு இலவசமா கொடுக்கலாம்னாங்க, இவர் வேண்டாம்னுட்டாரு, தன் செலவுல அச்சடிச்சு அடக்க விலைக்கு வித்தாரு, ஏன்னா சபைக் காசுல அடிமை வச்சிருக்கவங்க காசும் இருக்கு, அதோட காசு கொடுத்து வாங்கினவங்கதான் கவனமா படிப்பாங்க. மனச மாத்துற எழுத்து பத்தி இதை விட நுட்பமா யோசிச்ச ஆள நான் அந்தக் காலத்துல பாக்கல.

வேலை செஞ்சுதா? ஒரே நாள்ல அலறல் எல்லாம் இல்ல. 1758ல குவேக்கர்களோட ஃபிலடெல்ஃபியா வருஷக் கூட்டத்துல இவரும் பேசினாரு, அடிமைய வாங்கி விக்கிறவங்கள சபை நிர்வாகத்துல சேக்க வேண்டாம்னு முடிவாச்சு. 1776ல அடிமை வச்சிருக்கிறதே கூடாதுன்னு ஆச்சு, அதைப் பாக்க இவர் உயிரோட இல்ல, 1772ல இங்கிலாந்துல யார்க்ல பெரியம்மைல போயிட்டாரு. அடிமை முறைய எதிர்த்து எழுதின இன்னொரு குவேக்கரான ஆந்தனி பெனசெட் மாதிரி மத்தவங்களும் சேர்ந்து உழைச்சதுதான் இது, எல்லாத்தையும் உல்மன் கணக்குல எழுதக் கூடாது.

இங்க ஒரு ஊரைச் சொல்லணும், ரோட் ஐலண்ட்ல நியூபோர்ட். 1731ல எட்வர்ட்ஸ் அங்கதான் வீனஸ்ங்கற கறுப்பின சிறுமிய விலைக்கு வாங்கினாரு, பத்திரம் இன்னைக்கும் இருக்கு. 1760ல உல்மன் அதே ஊருக்குப் போயி அடிமை இறக்குமதிய நிறுத்தச் சொல்லி சட்டசபைக்கு ஒரு மனு எழுதினாரு. ரெண்டு பேரும் ஒரே வேதத்தை படிச்சவங்க, ரெண்டு பேரும் கடவுளுக்குப் பயந்தவங்க. அடிமை வச்சிருக்கிறது தப்புன்னு ஒருத்தருக்கு தெரியல, இன்னொருத்தருக்கு சின்ன வயசுலயே தெரிஞ்சுது. எட்வர்ட்ஸும் உல்மனும் சேர்த்து ஒப்பிட்டு எழுதுறவங்க இந்த இடத்துல இருந்து ஆரம்பிக்கலாம், வலிக்கும், ஆனா உண்மையான ஆரம்பம்.

செலவு, வாக்கியங்கள் அமைதியா நீளமா போகும், பளிச்சுன்னு எடுத்துப் போட வரி கிடைக்காது, அவசரத்துல படிச்சா ஒண்ணுமே இல்லாத மாதிரி தெரியும். கைடுக்கே இவர தெரியாம இருக்கலாம், அப்ப முதல் அத்தியாயத்துல யார் இவர்னு அறிமுகம் கொடுக்கணும். அவர் நாட்குறிப்பும் 1774ல வந்துச்சு, கட்டுரையோட அதையும் சேர்த்துப் படிக்கலன்னா பாதி பலம் போயிடும்.

## ஃபிராங்க்ளின்: ஆட்டோபயோகிராஃபி

இதை சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா முழு புத்தகத்தை எடுத்தா உங்க தலைப்பு கரைஞ்சிடும், ரெண்டு மூணு இடம் மட்டும் எடுக்கணும். ஒண்ணு, அந்தக் காலத்து பேர்போன எழுப்புதல் பிரசங்கி ஜார்ஜ் விட்ஃபீல்டு பிரசங்கத்துக்கு போயி ஒரு காசும் போடக் கூடாதுன்னு உட்கார்ந்தவர், கேக்கக் கேக்க முதல்ல செம்புக்காசு, அப்புறம் வெள்ளி, கடைசில தங்கம் உட்பட பாக்கெட்டையே காணிக்கைத் தட்டுல கொட்டிட்டு வந்தது. நம்பாத ஆள் மேல பிரசங்கம் எப்படி வேலை செய்யுதுன்னு உள்ள இருந்து எழுதின சாட்சி இது. ரெண்டாவது, டீயிசத்தை (கடவுள் உண்டு, ஆனா வேத வெளிப்பாடு இல்லைங்கற கொள்கை) மறுத்து எழுதின புத்தகங்களைப் படிச்சே இவர் டீயிஸ்ட் ஆனது, மறுக்குறதுக்காக எடுத்துக் காட்டின வாதம் மறுப்பை விட பலமா தெரிஞ்சுதாம். மூணாவது, நிச்சயமா, சந்தேகமில்லாமங்கற வார்த்தைங்கள விட்டுட்டு எனக்கு அப்படித் தோணுதுன்னு பேசப் பழகினது.

பைபிள் பழக்கமே இல்லாதவங்க, நம்பிக்கைய வெளிய இருந்து பாக்க விரும்புறவங்க, எளிய இங்கிலீஷ் வேணும்ங்கறவங்க இதை எடுங்க. ஆனா உள்ளுக்குள்ள எரியுற நம்பிக்கைய இதுல தேடாதீங்க, கிடைக்காது.

## நாலும் ஒத்து வரலன்னா

சாம்சன் ஆக்கம், மோஹிகன் இனத்து போதகர். 1772ல நியூ ஹேவன்ல மோசஸ் பால்ங்கற பூர்வகுடி மனுஷன தூக்குல போடுற அன்னைக்கு, சாகப் போறவன், வெள்ளைக்காரங்க, தன் ஜனங்கன்னு மூணு பக்கமும் திரும்பி ஒரே பிரசங்கத்துல பேசினாரு. சின்னது, எளிமையானது, நம்ம ஊர் ப்ராஜெக்ட்டுங்கள்ல அதிகமா கண்ணுல படாதது. பூர்வகுடிகள்ட்ட சிறைப்பட்ட மேரி ரோலண்ட்சன் எழுதி 1682ல அச்சான தன் கதையும் இருக்கு, வசனத்தை வச்சு தன் துயரத்தைத் தாங்கின பெண்ணோட எழுத்து, ஆனா பூர்வகுடிகள பத்தி அவங்க பேசுறத விமர்சனமா படிக்கத் தெரியணும்.

## அப்ப எதை எடுக்க

ஒரு மாசத்துக்கும் கம்மியா இருந்தா எட்வர்ட்ஸ், என்ஃபீல்டையும் நார்தாம்ப்டனையும் ஒப்பிட்டு எழுதுங்க, சிலந்திய விட்டுடுங்க. பி.எச்டி வரைக்கும் கொண்டு போற எண்ணம் இருந்தா உல்மன், இல்ல உல்மனும் எட்வர்ட்ஸும் சேர்த்து. ஜர்னலிசம் பக்கம் போறவங்களுக்கு பெய்ன். ஃபிராங்க்ளினை தனியா எடுக்குறத விட மத்த மூணுல ஒண்ணுக்கு துணையா வச்சுக்கிறது நல்லது, உல்மனோட ரெண்டாம் பாகத்தை அச்சடிச்சதே ஃபிராங்க்ளின் அண்ட் ஹால் அச்சகம்தான், அந்த இழையைப் பிடிச்சு சேர்த்துடலாம்.

புத்தகம் வாங்க காசு செலவு பண்ண வேண்டாம். எட்வர்ட்ஸ் எழுத்துங்கள யேல் யுனிவர்சிட்டி ஆன்லைன்ல இலவசமா வச்சிருக்கு. ஹார்வர்ட் கிளாசிக்ஸ் முதல் தொகுதில ஃபிராங்க்ளின் சுயசரிதையும் உல்மன் நாட்குறிப்பும் ஒண்ணாவே இருக்கு, காப்பிரைட் முடிஞ்சது, டவுன்லோடு பண்ணிக்கலாம். அதுல இருக்கிறது நாட்குறிப்பு மட்டும்தான், அடிமை முறை பத்தின கட்டுரைங்கள தனியா தேடணும், அதனால அது கையில கிடைச்சதுக்கு அப்புறம் கைடுட்ட தலைப்ப உறுதி பண்ணுங்க.